சந்தனம் வைத்த ஸ்பேனர்

மூன்று பிழைகளைத் திருத்திய இருதயநாதன், நான்காவது பிழையின் மேல் பேனாவை வைத்துவிட்டுத் திருத்தாமலே எடுத்துக்கொண்டார்.

திண்டுக்கல்லில் ஒரு காலத்தில் பஸ்ஸுக்குப் பாடி கட்டிய பட்டறைகளைப் பற்றியும், பழனி சாலைப் பட்டறையில் நூறாவது பஸ் வெளியே வந்தபோது நடந்த பெருவிழாவைப் பற்றியும் ஊர் நூலகம் ஒன்றில் கண்காட்சி வைப்பதென்று முடிவாகியிருந்தது. நூலகர் சுகன்யா ஆறு மாதம் வீடு வீடாக ஏறி இறங்கிப் பழைய படங்களைச் சேகரித்திருந்தாள். அந்தப் பட்டறையில் முப்பது ஆண்டுகள் சக்கரம் பூட்டியவர் இருதயநாதன். எழுபத்தாறு வயதிலும் அவருடைய நினைவு மங்கவில்லை. எனவே, படங்களின் கீழே ஒட்டவேண்டிய குறிப்புகளைச் சரிபார்க்கும் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது.

பஸ்ஸின் நிறம் பச்சை என்றிருந்தது; நீலம் என்று மாற்றினார். இருக்கை ஐம்பத்திரண்டு என்றிருந்ததை ஐம்பது ஆக்கினார். மேஸ்திரி சோலைமலையின் பெயர் சோலைமணி என்று விழுந்திருந்தது; அதையும் அடித்து எழுதினார். விழாவின் பெரிய படத்துக்குரிய அட்டையில், பழைய செய்தித்தாளிலிருந்து எடுத்த வரி ஒன்று இருந்தது: ‘ஆத்தூர் அணைக்குச் சென்ற வெள்ளோட்டத்தின்போது, ஓட்டுநர் உடையப்பன் குடிபோதையில் இருந்தமையால் பஸ் விபத்துக்குள்ளாயிற்று, அவர் அவ்விடத்திலேயே உயிரிழந்தார்.’

பேனா அந்த வரியின் மேல் நின்றது. மசி ஊறி ஒரு புள்ளியாக விரிந்தது. பிறகு அவர் தாளின் அடியில் ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“வேற தப்பு எதுவும் இல்லையே ஐயா?” என்று கேட்டாள் சுகன்யா.

“மூணுதாம்மா. திருத்திட்டேன்.”

கண்காட்சி தொடங்கி நான்காம் நாள், ஆயுத பூசைக்கு முந்திய நாள். மறுநாள் விடுமுறை என்பதால் நூலகத்தில் அன்று காலையிலேயே பூசை போட்டுவிட்டார்கள். அலமாரிகளுக்கும் மேசைகளுக்கும் கணினிக்கும் சந்தனப் பொட்டு வைத்துக்கொண்டே வந்த ஊழியர் ஒருவர், கூடத்தின் நடுவே இருந்த கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, உள்ளே சிவப்புத் துணியின் மேல் கிடத்தியிருந்த, பட்டறையில் சக்கரம் பூட்டப் பயன்பட்ட பெரிய வீல் ஸ்பேனருக்கும் ஒரு பொட்டு வைத்துக் குங்குமமும் இட்டுவிட்டுப் போனார். பெட்டியின் மேல் ‘தொடாதீர்கள்’ என்ற சீட்டு ஒட்டியிருந்தது.

வருவோருக்குப் படங்களை விளக்கிச் சொல்லும் பொருட்டு இருதயநாதன் நாள்தோறும் வந்துகொண்டிருந்தார். அன்று அந்தச் சந்தனப் பொட்டைக் கண்டவர், பக்கத்திலிருந்த பெஞ்சில் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

“என்ன இருதயம், ஸ்பேனரப் பாத்தா வேல ஞாபகம் வந்து மேலு வலிக்குதா?” என்று சிரித்தபடி வந்தார் சோலைமுத்து. அந்தக் காலத்தில் பட்டறையில் பெயின்ட் அடித்தவர். பெரிய படத்தின் முன்னால் போய் நின்று, “இந்தா பாரு, அம்புட்டு முடி எனக்கு! சீப்பு முறியும்ப்பா அப்ப. இப்பச் சீப்பு இருக்கு, முடியக் காணோம்,” என்றார். பிறகு வெள்ளோட்டத்துக்குப் புறப்படும் நேரத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பல் தெரியச் சிரிக்கும் உடையப்பனை விரலால் சுட்டினார். “பாவி. அன்னைக்கு மட்டும் குடிக்காம இருந்திருந்தா இன்னைக்கு நம்மளோட நின்னு பேசிக்கிட்டிருப்பான்.”

இருதயநாதன் தலையைக் குனிந்துகொண்டார். நாற்பத்தோரு ஆண்டுகளாக இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அவர் செய்துவந்தது அது ஒன்றுதான்.

விழா நடந்த அந்த ஆயுத பூசை நாளின் உண்மையை அறிந்தவர் பட்டறைக்காரர்களில் அவர் ஒருவரே. நூறாவது பஸ் விழாக் கோலத்தில் நிற்க வேண்டும் என்பதற்காகச் சக்கரங்களைக் கழற்றி வெள்ளை வளையம் தீட்டினார்கள். மற்றவற்றை முதல் நாளே பூட்டி இறுக்கியாயிற்று. முன்புறத்து இடது சக்கரம் மட்டும் பெயின்ட் காயாமல் மறுநாள் காலையில்தான் வந்தது. இருதயநாதன் அதை மாட்டி, நட்டுகளை விரலால் சுழற்றி ஏற்றிவிட்டு, முடுக்குவதற்கு ஸ்பேனரைத் தேடினார். ஸ்பேனர் இருந்த இடத்தில் இல்லை. ராகு காலம் நெருங்குகிறதென்று, மேஸ்திரி சோலைமலை பட்டறையிலிருந்த கருவிகள் அனைத்தையும் கழுவித் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்துச் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிவிட்டிருந்தார்.

பூசையில் வைத்த கருவியை மறுநாள் மறுபூசை முடியும்வரை யாரும் தொடமாட்டார்கள். அதனால் பாதகமில்லை என்றுதான் இருதயநாதன் எண்ணினார். வண்டி எலுமிச்சம்பழத்தின் மேல் ஏறி இறங்கி வாசல்வரை பத்தடி நகரும். அதற்குக் கை முடுக்கே போதும். மீதியை நாளைக்கு முடுக்கிக்கொள்ளலாம்.

ஆனால் அன்று மேளச் சத்தமும் கூட்டமும் முதலாளியின் மனத்தைக் குளிர்வித்துவிட்டன. “வாசலோட நிப்பாட்டுனா நல்லாவா இருக்கும்? ஆத்தூர் அணை வரைக்கும் ஒரு ஓட்டம் விடுப்பா உடையப்பா!” என்று குரல் கொடுத்தார். பட்டறைக்காரர்கள் விசிலடித்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்கள்.

அப்போது இருதயநாதன் கையில் சுண்டல் இலையோடு நின்றுகொண்டிருந்தார். பார்வை ஸ்பேனரின் மேல் போயிற்று. அதன் மேல் ஒரு செவ்வந்திப்பூ இருந்தது. அந்தப் பட்டறையில் வேதக்காரர் அவர் ஒருவரே. புனித வெள்ளியன்று பிற்பகல் மூன்று மணிவரை, அவர் ஒருவருக்காக, முப்பது பேரும் தகரம் தட்டாமல் இருப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு அத்தனை பேரும் அவர் வீட்டில் வந்து உண்பார்கள். அப்படிப்பட்டவர்களின் சாமி முன்னாலிருந்து, அவர் கையா அந்த ஸ்பேனரை எடுப்பது?

மேஸ்திரியிடம் சென்று தாழ்ந்த குரலில், “அண்ணே, அந்தப் பெரிய ஸ்பேனரச் செத்த நேரம்…” என்று தொடங்கினார்.

“ஏலே இருதயம், ஒனக்குத் தெரியாதா? பூசையில வச்சத எடுக்கலாமா? எதுவா இருந்தாலும் நாளைக்குப் பாத்துக்கலாம், போ.”

எதற்காக ஸ்பேனர் வேண்டும் என்பதை இருதயநாதன் சொல்லியிருந்தால், சோலைமலையே ஓடிப்போய் எடுத்துக் கொடுத்திருப்பார். தெய்வத்திடம் மன்னிப்பும் கேட்டிருப்பார். ஆனால் வேலையைப் பாதியில் விட்டிருக்கிறேன் என்று ஊரே திரண்டிருக்கும் இடத்தில் சொல்ல நாக்கு எழவில்லை. மரியாதை பாதி, வெட்கம் பாதி. பஸ் புறப்பட்டுவிட்டது. அவரும் அதில் ஏறிக்கொண்டார். அது ஒன்றுதான் அவரால் செய்ய முடிந்தது.

ஆத்தூருக்கு முன்னால் உள்ள வளைவில் சக்கரம் கழன்று வயலுக்குள் ஓடியது. பஸ் பனைமரத்தில் மோதியது. மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். உடையப்பன் மட்டும் எழவில்லை. மோதிய வேகத்தில் சக்கரம் கழன்றது என்று பேசிக்கொண்டார்கள். உடையப்பன் முன்பெல்லாம் குடிப்பவன். பனைமரத்தடியில் பால் குடித்தாலும் கள் என்கிற ஊர், பனைமரத்தில் மோதிச் செத்தவனை என்ன சொல்லும்? இறந்தவன் மேல் வழக்கு நடத்த யாருமில்லை. எல்லாம் அத்தோடு முடிந்தது.

அடுத்து வந்த தவக் காலத்தில் இருதயநாதன் பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழந்தாளிட்டு இதைச் சொன்னார். “சொல்ல வேண்டியவரிடம் போய்ச் சொல்லு, மகனே,” என்றார் குருவானவர். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அவர் மற்றப் பாவங்களை மட்டுமே சொல்லிவந்தார்.

பகல் பன்னிரண்டு மணியளவில் நூலக வாசலில் ஒரு பெண்குரல் கேட்டது.

“இங்க பெரிய ஆபீசர் யாரு தாயி?”

அறுபத்தெட்டு வயதுக்குரிய தளர்ச்சி உடலில் இருந்தது, குரலில் இல்லை. இருதயநாதனுக்கு முகத்தைப் பார்க்கு முன்பே தெரிந்துவிட்டது. உடையப்பனின் மனைவி பேச்சாயி.

“நாந்தாம்மா. சொல்லுங்க,” என்று எழுந்து வந்தாள் சுகன்யா.

“எம் பேத்தி ஜீவிதா இங்கதான் பரீட்சைக்குப் படிக்க வருது. கூடப் படிக்கிற பிள்ளைக, இது ஒங்க தாத்தாவான்னு கேட்டுச் சிரிச்சிருக்குதுக. ரெண்டு நாளாப் பிள்ள பச்சத்தண்ணி குடிக்கல. அந்தப் படத்தக் கழட்டிரு தாயி. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.”

“அம்மா, அது அந்தக் காலத்துப் பேப்பர்ல வந்ததும்மா. தப்புன்னா நீங்க சொல்லுங்க…”

“தப்புன்னு நாஞ் சொல்லலையே. குடிச்சாரு, செத்தாரு. நெசந்தான். நெசம்னாலும் அத செவுத்துல எழுதி ஒட்டணுமாக்கும்?”

சுகன்யா செய்வதறியாமல் திரும்பினாள். “இருதயநாதன் ஐயாதாம்மா எல்லாத்தையும் சரிபாத்துக் கையெழுத்துப் போட்டாரு. அவரும் அந்தப் பட்டறையிலதான்…”

பேச்சாயி அப்போதுதான் அவரைக் கண்டாள். நெடுநேரம் பார்த்தாள்.

“நீங்களாண்ணே? அவரு தூக்குவாளியில ஒங்களுக்கும் சேத்துத்தான நான் சோறு குடுத்துவிடுவேன்? நீங்களா கையெழுத்துப் போட்டீங்க?”

சோலைமுத்து ஏதோ சமாதானம் சொல்ல வாயெடுத்தார். இருதயநாதன் கையமர்த்தினார். “இப்படி வந்து உக்காரு தங்கச்சி,” என்று பெஞ்சில் இடம் விட்டார். அவள் உட்காரவில்லை.

நேராகச் சொல்லிவிடத்தான் நினைத்தார். ஆனால் நாற்பத்தோரு ஆண்டுகள் மூடிக் கிடந்த கதவு ஒரே தள்ளில் திறக்குமா? ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் பிள்ளைகளுக்கு ஞானோபதேச வகுப்பில் கதை சொல்லிப் பழகியவர், அந்தப் பழக்கத்திலேயே தொடங்கினார்.

“ஒரு கம்மாயில மீனுகளுக்குக் கல்யாணம். ஒரே கொட்டும் மேளமும். அன்னைக்குப் பாத்து ஒரு நண்டு கரையோரமாப் போகயில, கரையில ஒரு ஓட்ட விழுந்திருக்கதப் பாத்துச்சு. வெரல் தண்டிதான் ஓட்ட. கல்யாண வீட்டுல போயி இதச் சொன்னா நல்லாவா இருக்கும், நாளைக்குச் சொல்லிக்கலாம்னு நண்டு வாய மூடிக்கிருச்சு. ராத்திரியோட ராத்திரியா ஓட்ட பெருசாகி, கம்மாத் தண்ணி பூராம் வெளிய போயிருச்சு. விடிஞ்சு பாத்தா, சேத்துல ஒரு கொக்கு நிக்கிது. அது முன்ன மீன் தின்ன கொக்குதான். ஆனா ஆறு மாசமா விரதம் புடிச்சு நின்ன கொக்கு. எல்லாரும், ‘இந்தக் கொக்குதான் கரைய ஒடச்சிருக்கும்’னு அதக் கொத்திக் கொன்னுபுட்டாக. நண்டு பாத்துக்கிட்டே இருந்துச்சு. அன்னைக்கிலருந்துதான் நண்டு யாரு மொகத்தையும் நேராப் பாத்து நடக்கிறதில்ல, பக்கவாட்டுலயே போகுது.”



“கொக்கு யாருன்னு தெரியுது,” என்றாள் பேச்சாயி. “நண்டு யாருண்ணே?”

இருதயநாதன் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். பிறகு சொன்னார். நட்டை விரலால் ஏற்றியது, ஸ்பேனர் பூசையில் இருந்தது, மேஸ்திரியிடம் பாதிப் பேச்சு பேசியது, மீதியை விழுங்கியது, எதையும் விடாமல் சொன்னார். இந்த முறை அவர் அவள் முகத்தை நேராகவே பார்த்துப் பேசினார்.

அவள் அடிப்பாள் என்று எண்ணினார். மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எண்ணினார். எத்தனையோ இரவுகளில் அந்த ஏச்சுகளை அவர் தமக்குத் தாமே சொல்லிப் பார்த்ததும் உண்டு. ஒருவேளை மன்னித்துவிடுவாளோ என்று கூட ஓரிரு முறை ஆசைப்பட்டதுண்டு.

பேச்சாயி இவற்றில் எதையும் செய்யவில்லை. பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள்.

“அன்னைக்குக் காலையில கெளம்பயில, ‘மாரியாத்தா கோயில்ல கயிறு கட்டி ஆறு மாசமாச்சு, இன்னும் நீ என்னய நம்ப மாட்டேங்குறியே’ன்னு சிரிச்சாரு. ‘போயா, ஒன்னய நம்புனா அம்புட்டுத்தேன்’னு சொல்லி அனுப்புனேன். அவரப் பொணமாக் கொண்டாந்து எறக்கயில, ‘கயித்த அவுத்துப் போட்டுட்டுக் குடிச்சிட்டான்’னு ஊரு பேசுச்சு. நானும் நம்பிட்டேன். மொகத்தப் பாக்க மாட்டேன்னு உள்ள போயிக் கதவச் சாத்திக்கிட்டேன்ணே.”

குடியை விடுவதாகக் கோயிலில் கயிறு கட்டிக்கொண்டவன், வாக்கை மீறிக் குடிப்பதானால் முதலில் கயிற்றைக் கழற்றிவிடுவான். கயிற்றோடு குடிக்கும் துணிவு அங்கே யாருக்கும் கிடையாது.

பேச்சாயி எழுந்து பெரிய படத்தின் அருகே போனாள். அதுவரை அவள் அதை நிமிர்ந்து பார்க்கவே இல்லை. கண்களைச் சுருக்கிப் பார்த்தாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த வலது கையின் மணிக்கட்டில் கறுப்பாக ஒரு கோடு ஓடியது.

“கயிறு கெடக்கு,” என்றாள். “தாயி, இங்க வந்து பாரு. எனக்குக் கண்ணு சரியாத் தெரியாது. கயிறுதான அது?”

சுகன்யா பார்த்தாள். “கயிறுதாம்மா.”

“வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு ஊரே படையல் போடும். எம் மகன் கேப்பான், ‘அப்பாவுக்கு வைக்கலையாம்மா’ன்னு. குடிகாரனுக்கு எதுக்குடா சோறுன்னு வாய அடைச்சிருவேன். இருந்த ஒரு போட்டாவையும் அடுப்புல வச்சிட்டேன்.” அவள் இருதயநாதனைத் திரும்பிப் பார்த்தாள். “அன்னைக்கே நீங்க சொல்லியிருந்தா போன உசுரு வந்திருக்காதுண்ணே. எனக்குத் தெரியும். ஆனா நான் அழுதிருப்பேன்ல?”

தம் நெஞ்சிலிருந்த கல்லைக் கீழே இறக்கி வைக்கத்தான் இருதயநாதன் வாய் திறந்தார். அது கீழே இறங்கவில்லை. அவள் மடிக்கு மாறியிருந்தது.

சோலைமுத்து எழுந்து போய்ச் சன்னலுக்கு வெளியே பார்த்தபடி நின்றார். “அந்தச் சக்கரத்தச் சனிக்கிழமையே பெயின்ட் அடிச்சுத் தாரேன்னுதான் சொல்லியிருந்தேன்,” என்று முனகினார், யாரிடமும் அல்ல.

இருதயநாதன் சுவரிலிருந்த அட்டையை எடுத்து, மேசையில் வைத்து, பேனாவைக் கேட்டார். சுகன்யா தயங்கினாள்.

“ஐயா, இதுல ஒங்க பேர எழுதப்போறீங்களா? நாளைக்கு நாலு பேரு படிப்பாங்க ஐயா.”

“படிக்கத்தாம்மா எழுதுறது.”

குடிபோதை என்ற சொல் இருந்த வரியை இரண்டு கோடுகளால் அடித்தார். அட்டையைத் திருப்பி, வெள்ளையாயிருந்த பின்புறத்தில் ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்: ‘முன் இடது சக்கரத்தின் நட்டுகள் முடுக்கப்படாததால் பஸ் விபத்துக்குள்ளாயிற்று. அவற்றை முடுக்காமல் விட்டவர் எ. இருதயநாதன். ஓட்டுநர் உடையப்பன் அன்று குடித்திருக்கவில்லை.’ கீழே முன்பு போலவே ‘சரிபார்த்தேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். சுகன்யா அதை வாங்கித் தன் கையாலேயே ஒட்டினாள். படத்தை ஜெராக்ஸ் எடுத்து உறையில் போட்டுப் பேச்சாயியிடம் கொடுத்தாள். பேச்சாயி அதை உறையிலிருந்து எடுத்து, மடிக்காமல், நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள்.

இருதயநாதன் அவளை ஆட்டோவில் பேருந்து நிலையத்துக்கு அழைத்துச் சென்றார். வழி நெடுகப் பூசைக்காக வாழைக்கன்றும் பொரியும் சாம்பல் பூசணியும் விற்றுக்கொண்டிருந்தார்கள். லாரிகளின் நெற்றிகளில் மாலை ஏறியிருந்தது. ஆத்தூர் பஸ்ஸில் சன்னலோர இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். அவர் கீழே நின்றார். ஓட்டுநர் வண்டியை இன்னும் எடுக்கவில்லை.

அவர் பார்வை, தம்மை அறியாமலே, முன்புறத்து இடது சக்கரத்தின் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டு வந்தது. நாற்பத்தோரு ஆண்டுகளாக எந்தப் பஸ்ஸில் ஏறுவதானாலும் அவர் அப்படிப் பார்த்த பிறகே ஏறுவார்.

“அண்ணே.”

நிமிர்ந்தார். பேச்சாயியின் கண்கள் சிவந்திருந்தன. கன்னங்களில் நீர் தாரை தாரையாக வழிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் துடைக்கவில்லை.

“நாளைக்கு அவரு செத்த நாளு. படையல் வைக்கணும்ணே. அவருக்கு என்ன வெஞ்சனம் புடிக்கும்னு எனக்கு மறந்துபோச்சு. எம்புட்டு ரோசன பண்ணியும் வர மாட்டேங்குது. நீங்க கூடவே உக்காந்து தின்னவுகதான? ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா?”

இருதயநாதனுக்கு ஞாபகம் இருந்தது. பட்டறை வேப்பமரத்தடியில் தூக்குவாளியைத் திறந்ததும் எழும் மணம்கூட ஞாபகம் இருந்தது. மூடியில் பாதியை வைத்து இவர் பக்கம் தள்ளிவிட்டு, ‘எம் பொண்டாட்டி கைப்பக்குவம்லே, இருதயம்!’ என்று கண்ணடிக்கும் முகமும் ஞாபகம் இருந்தது.

“மொச்சக்கொட்ட போட்ட கத்திரிக்கா,” என்றார். “நீ குடுத்துவிடுறதுதான் தாயி. கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கணும்பான்.”

“மொச்சக்கொட்ட போட்ட கத்திரிக்கா,” என்று அவள் திருப்பிச் சொன்னாள். “காரம் தூக்கலா.”

பஸ் நகர்ந்தது. மறந்துவிடக் கூடாதென்று அவள் உதடுகள் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது சன்னல் வழியே அவருக்குத் தெரிந்தது. பஸ் திரும்பி மறையும்வரை அவர் அதன் சக்கரங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.